முழுசாகப் பேச விட்ட ஊடகம்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் நான் தொழில் கற்றேன். தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடை விளம்பரம், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா அறிவிப்பு, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டி ஓட்டும் பிரசாரம். எல்லாமே முப்பது நொடி, அறுபது நொடி வேலைகள். பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டி எடுத்து நேரத்துக்குள் அடைப்பதுதான் எங்கள் திறமை. அதில்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2005-க்குப் பிறகு கைக்கு வந்த பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் இறக்கிக் கேட்கும் ஒலித்தொடர் வேலை, எனக்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது: பேசுகிறவரை முடிக்க விடுவது.

இணைய இதழ் நடத்திய சிலர் எங்களிடம் வந்தார்கள். வடசென்னை மனிதர்களின் பேச்சைப் பதிந்து இணையத்தில் தொடராக விட வேண்டும் என்றார்கள். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் என்றார்கள். அப்படி ஒரு பதிலை அந்தக் கூடத்தில் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

சென்னையில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தது 2003-இல். பாட்டும் கலகலப்புமாக ஊரே கேட்டது. செய்தி சொல்ல அவற்றுக்கு அப்போது அனுமதி இல்லை. சமுதாய வானொலி உரிமமும் முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது அப்படித்தான். மக்கள் அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில். காசிமேட்டு மீனவர் ஒருவர் தன் தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு வானலையில் இடமே இல்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு வானொலியிலும் சினிமாவிலும் வந்தால் பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான் வரும். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம்.

பாட்காஸ்டுக்கு உரிமம் தேவைப்படவில்லை. அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கியமே அதில்தான் இருக்கிறது. புதுப் பகுதி வந்திருப்பதைக் கேட்பவரின் மென்பொருளுக்குத் தெரிவிப்பது ஆர்.எஸ்.எஸ். (RSS) ஓடை. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு. அவ்வளவுதான். ஒலிக்கோப்பை இப்படி ஓடையில் இணைக்கும் வசதியை அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர் 2000 டிசம்பரில் சேர்த்தார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் எம்.டி.வி.யில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி. இணைப்பு மெதுவாக இருந்த காலம். கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பதற்குப் பதில், ஆள் தூங்கும் நேரத்தில் கணினியே கோப்பை இறக்கி வைத்தால் என்ன என்பது அவர் யோசனை. 2004-இல் ஐபாடர் என்ற மென்பொருள் அதைச் செய்தது. அதே ஆண்டு கரி தன் நிகழ்ச்சியையும் தொடங்கினார். 2005 ஜூன் 28 அன்று ஆப்பிள் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் 4.9-இல் பாட்காஸ்டைச் சேர்த்தது. முதல் இரண்டே நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் சந்தாக்கள். எல்லாம் இலவசச் சந்தாக்கள்தான் என்றாலும் அது பெரிய எண்.

நம் ஊருக்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் இணைப்பு வந்தது. 256 கே.பி.பி.எஸ். வேகம், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு. அப்புறம் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்றார்கள். 128 கே.பி.பி.எஸ். ஒலித்தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு கிட்டத்தட்ட 58 எம்.பி. ஆகும். அதையே 64-க்குக் குறைத்து, ஒற்றைத் தடமான மோனோவில் போட்டால் 29 எம்.பி. பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். லைன் ஒழுங்காக இருந்தால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். காலையில் அதை எம்.பி.3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு ரயிலேறலாம். பர்மா பஜாரில் வாங்கிய அந்த பிளேயர்களில் பலவற்றின் திரையில் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாக வரும். அதனால் கோப்புக்குள் எழுதும் தலைப்பை ஆங்கில எழுத்தில் வைப்போம். ஓடையில் தமிழ்த் தலைப்பு. இரண்டு பெயர் எழுதுவது கூடுதல் வேலைதான், ஆனாலும் தமிழை விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம்.

பதிவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த காலம் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள். 2017-இல்தான் 61 நாளானது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். கூடத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள். வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்ததும் மேடைத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நாங்களே காசிமேட்டுக்குப் போனோம். பின்னால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள், ஐஸ் உடைக்கும் சத்தம். ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு: யாரும் பேசாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டினால் அதை மற்ற இடங்களிலிருந்து கழித்துவிடும். அளவுக்கு மீறிப் போட்டால் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அதனால் எந்தப் பதிவிலும் பேசுவதற்கு முன்னால் அரை நிமிடம் சும்மா ஓட விடுவோம், இரைச்சலைக் கொஞ்சமாகத்தான் குறைப்போம். லாரிச் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும். அவர்கள் அதற்கு நடுவில்தானே வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு பெரியவர். வலையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இன்னா தம்பி, எத்தினி நேரம் ஓடும் அது?”

“நீங்க முடிக்கிற வரைக்கும் ஓடும்ணே.”

“அப்ப சரி. குந்து.”

முதல் பத்து நிமிடம் அவர் சொன்னதெல்லாம் பேப்பர்காரர்களுக்குச் சொல்லிப் பழகியது: டீசல் விலை, சுனாமி நிவாரணம். சரியாகத்தான் சொன்னார், ஆனால் ஒப்பித்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு இறங்கியது. வன்னி, தெண்டி என்று நீரோட்டங்களைப் பெயர் சொல்லி, எந்த ஓட்டத்தில் வலை எப்படி இழுக்கும் என்று கையால் காட்டிக்கொண்டே விளக்கினார். கை காட்டுவது ஒலியில் தெரியாது என்று பக்கத்தில் இருந்த அவர் மகள் சொல்ல, அதே விஷயத்தை மறுபடி வார்த்தையில் சொன்னார். இரண்டாம் முறை சொன்னது அவ்வளவு தெளிவாக இருந்தது. முப்பது நொடிக்காரனாக நான் போயிருந்தால் டீசல் விலையோடு திரும்பியிருப்பேன்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கோப்பு எத்தனை முறை இறங்கியது என்று சர்வர் பதிவு சொல்லும். இறக்கியவர் கேட்டாரா என்று சொல்லாது. ஒரு பகுதியை எவ்வளவு தூரம் கேட்கிறார்கள் என்ற விவரத்தை ஆப்பிள் தர ஆரம்பித்ததே 2017 கடைசியில்தான். விளம்பரதாரர்கள் இந்தத் துறைக்கு மெதுவாக வந்ததற்கு இது ஒரு காரணம். எங்களுக்கும் அதனால் வருமானம் வரவில்லை, ஜவுளிக்கடை விளம்பரம்தான் சோறு போட்டது. இருந்தும் நான் அந்த இருட்டை நல்லதென்றே நினைக்கிறேன். நான்காவது நிமிடத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று யாராவது வரைபடம் காட்டியிருந்தால், பெரியவரின் பத்தாவது நிமிடத்துக்குப் பிறகான பேச்சு வெளியே வந்திருக்காது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது, எல்லோரும் வீடியோவுக்குப் போனார்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024-இல் மூடியது. ஆனால் அந்தச் செயலி வழியாகக் கேட்டவர்கள் சந்தாப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது, ஏனென்றால் ஓடை கூகுளுடையது அல்ல, அந்தந்த நிகழ்ச்சிக்காரருடையது. யூடியூப் சேனல் ஒன்று முடக்கப்பட்டால் அப்படிச் சந்தாதாரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேற வழியில்லை.

இப்போது என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள். கெட்டிக்காரர்கள், என்னைவிட வேகமாக வெட்டுகிறார்கள். அந்தப் பழைய பதிவிலிருந்து யூடியூபுக்கு ஒரு ஷார்ட்ஸ், அதாவது குட்டி வீடியோ, எடுக்கலாம் என்று ஒரு தம்பி செய்துகொண்டு வந்தான். அறுபது நொடி. அவன் எடுத்திருந்தது பெரியவர் கோபத்தில் ஒரு வார்த்தை விடும் இடம். கண்டிப்பாக ஓடும், எனக்கே தெரிகிறது. மறுபடியும் அவர் மொழியைச் சிரிப்புக்கு விற்பதாகிவிடும் என்று சொன்னேன். அவன் விடவில்லை. “அப்ப முழுசையும் யாருண்ணே கேப்பா? யாராவது உள்ள வரணும்ல?” என்றான். நியாயமான கேள்வி. கடைசியில் நீரோட்டம் பற்றி அவர் இரண்டாம் முறை விளக்கும் இடத்தை எடுத்தோம். ஒரு நிமிடத்தில் அடங்கவில்லை. ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று 2024 அக்டோபரில் ஆகிவிட்டதால் வெட்டாமலே போட்டோம். முழுப் பதிவு எங்கள் சொந்த முகவரியில் இருக்கும் ஓடையில் இருக்கிறது, அதன் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறோம். அடுத்த தடைக்காலத்துக்கு அந்தத் தம்பியே மைக்கை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போகிறேன் என்கிறான்; பெரியவரின் மகளிடம் பேசியும் வைத்திருக்கிறான்.