லப்பக்கில் ஒரு மே மாதம்

மே 2

காலையிலிருந்து புழுதி. மேற்கே இருக்கிற பருத்திக்காட்டு மண்ணெல்லாம் எழுந்து வந்து ஊர்மேல் உட்கார்ந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கே காரில் விளக்குப் போட்டு ஓட்டினேன். ஜன்னலை அடைத்து வைத்தும் ரசத்தில் நறநறவென்று மண். ஊர்க்காரர்களிடம் கேட்டால், "கொஞ்சம் காத்து" என்பார்கள்.

ராத்திரி அம்மா போன். "டெக்சாஸ்ல புயலாமே, டிவியில காட்டினான். நீ ஏன் சொல்லல?" டெக்சாஸ் தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்கு என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு டெக்சாஸ் என்றால் என் அடுப்படிதான். "புயல் இல்லம்மா, டொர்னாடோ. அதுவும் இங்க லப்பக்ல இல்ல." "அது என்ன, சூறாவளிதானே?" நம் பத்திரிகைகளும் இரண்டுக்கும் சூறாவளி என்றே போடுவதால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கடலூரில் புயல் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். 2011 டிசம்பர் 30 விடியலில் 'தானே' கரையைக் கடந்தபோது வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம், மெழுகுவத்தி இருந்தது, அப்பா ஓட்டின்மேல் மணல் மூட்டைகூட வைத்திருந்தார். பலாவும் முந்திரியும் போயின, அது வேறு கதை. டொர்னாடோவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்கும், சில நிமிஷம் தரையில் நடக்கும், போய்விடும். எதிர் வரிசை வீட்டில் பூந்தொட்டிகூட அசையாமல் இருக்கலாம்.

மே 5

டொர்னாடோவைச் சுவர் தாங்குமா என்று சோதிக்கிற எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இன்று மூன்று முறை சுட்டோம். காற்று பீரங்கி என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். பார்க்க நீளமான குழாய், பின்னால் அழுத்தக் காற்றுத் தொட்டி, அவ்வளவுதான். குண்டுக்குப் பதில் மரக்கட்டை. இங்கே வீடு கட்டுகிற 'டூ பை ஃபோர்'. இரண்டு அங்குலத்துக்கு நாலு என்று பெயர், அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை. நம்மூர் ஆசாரி பார்த்தால் சட்டம் என்பார், கூடவே அளவில் ஏமாற்றுகிறான் என்றும் சொல்வார்.

கட்டையின் எடை 15 பவுண்டு, ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுவரில் மோதும் வேகம் மணிக்கு 160 கி.மீ. மணிக்கு 400 கி.மீ. காற்று தூக்கி வருகிற கட்டைக்கு இந்த வேகம் என்பது கணக்கு. சுவருக்குப் பின்னால் ஒரு பழுப்புத் தாள் கட்டியிருப்போம். மளிகைக்கடைப் பொட்டலத்தாள் மாதிரிதான். தாள் கிழியாமல் இருந்தால், உள்ளே ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். கிழிந்தால் இல்லை. இத்தனை கோடிக் கருவிகள் இருக்கிற கட்டடத்தில் கடைசித் தீர்ப்பு அந்தத் தாளிடம்.

முதல் இரண்டும் நின்றன. மூன்றாவது நான் அடித்த பலகை. ஒட்டுப்பலகை இரண்டு அடுக்கு, பின்னால் சட்டங்கள். எண்ணி முடித்ததும் 'டம்' என்று ஒரு சத்தம், அதை நெஞ்சில்தான் கேட்க முடியும். போய்ப் பார்த்தால் கட்டையின் முனை வேப்பங்குச்சியை மென்று பல் தேய்த்த மாதிரி நார் நாராகப் பிரிந்திருந்தது. பின்பக்கம் ஒரு சிலாம்பு மட்டும் வெளியே துருத்தி, தாளில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். திருகாணிகளை ஒரு பக்கம் தள்ளித்தள்ளி அடித்திருக்கிறேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 6

அபார்ட்மெண்ட் ஆபீசில் போய், எச்சரிக்கை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கேட்டேன். "பாத்டப்பில் படுத்து மேலே மெத்தையைப் போட்டுக்கொள்" என்றாள் அந்தப் பெண், நகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் இருப்பது மாடியில். வாடகை மட்டும் ஜனவரியில் ஏறியது.

மே 8

1970 மே 11. இந்த ஆய்வகமே அந்த ஒரு ராத்திரியிலிருந்து வந்ததுதான்.

முதலில் எட்டு மணி வாக்கில் ஊரின் கிழக்கே ஒரு சின்ன டொர்னாடோ. முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் பல்கலைக்கழகத்துப் பக்கத்திலேயே பெரியது இறங்கி, நகர மையத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வடகிழக்கே விமான நிலையம் வரை போனது. எட்டரை மைல். 26 பேர் இறந்தார்கள். ஊரில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சேதம்.

பல்கலைக்கழகத்தின் சிவில் ஆசிரியர்களுக்கு மறுநாள் காலை வீட்டு வாசலிலேயே பாடம் காத்திருந்தது. அவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கிஷோர் மேத்தா. எது விழுந்தது என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவர்கள் எது எப்படி விழுந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று குறித்துக்கொண்டே போனார்கள். சிகாகோவிலிருந்து டெட் ஃபுஜிட்டா வந்தார். ஹிரோஷிமா, நாகசாகி இடிபாடுகளை இளம் வயதில் ஆராய்ந்த ஜப்பானியர். உடைந்ததைப் பார்த்து உடைத்ததைச் சொல்லத் தெரிந்தவர். லப்பக் முழுக்க வரைபடம் போட்டு, பெரிய சுழலுக்குள் குட்டிச் சுழல்கள் சுற்றுகின்றன, சாவுகள் பெரும்பாலும் அவற்றின் தடத்தில்தான் என்று காட்டினார். அடுத்த ஆண்டு அவருடைய அளவுகோல் வெளிவந்தது: எஃப் 0 முதல் எஃப் 5 வரை. லப்பக் எஃப் 5.

ஊருக்கு வெளியே நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: இந்த எண் காற்றை அளந்து வருவதில்லை. வீட்டை அளந்து வருவது. கூரை போனதா, சுவர் போனதா, அஸ்திவாரம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு இவ்வளவு காற்று தேவைப்பட்டிருக்கும் என்று பின்னாலிருந்து போடுகிற கணக்கு. ஃபுஜிட்டா எஃப் 5 என்றால் மணிக்கு 420 கி.மீ.க்கு மேல் என்று வைத்தார். மேத்தாவும் மற்றவர்களும் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது, அவ்வளவு வேண்டாம், இந்த வீடுகள் அதற்கு எவ்வளவோ முன்பே விழுந்துவிடும் என்று. ஆணி சரியில்லை, சுவரை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் போல்ட் சரியில்லை. அந்த வாதம் இங்கேதான் புது அளவுகோலாக உருவாகி 2007 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது பள்ளிக்கூடம், மோட்டல், மாட்டுக்கொட்டகை, மரம் என்று 28 வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். உச்சநிலை 320 கி.மீ.க்கு மேலிருந்தே தொடங்குகிறது.

காற்றின் மேல் போட்டிருந்த பழியில் பாதியை எடுத்துக் கொத்தனார் மேல் போட்டுவிட்டார்கள் என்று என் அறைத்தோழி சொல்வாள். அவள் வக்கீலுக்குப் படிக்கிறாள்.

மே 10

சாயங்காலம் புழுதி அடங்கியதும் நகர மையத்தில் நடந்தேன். 1970 டொர்னாடோவில் அடிபட்ட 20 மாடிக் கட்டடம் இப்போதும் நிற்கிறது. 1955இல் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்டியது. அந்த ராத்திரி அதன் இரும்புச் சட்டகமே முறுக்கிக்கொண்டது; ஈரத்துணியை ஒரு திருகு திருகிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடித்துவிடலாம் என்றுதான் பேசினார்களாம். பொறியாளர்கள் பார்த்துவிட்டு, தாங்கும் என்றார்கள். தாங்கியது. இந்த ஊர் தட்டை என்பதால் ரொம்பத் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கோணல் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். தெரியாது.

மே 11

கீழ்வீட்டு சென்யோராவை (ஸ்பானிஷில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது) 1970 டொர்னாடோ நினைவிடத்துக்குக் கூட்டிப்போனேன். முட்டிவலி, கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். கறுப்பு கிரானைட் சுவர்கள் வளைந்து நிற்கின்றன. 26 பெயர்கள். இதைக் கட்ட அரை நூற்றாண்டு ஆனது, 2021இல்தான் திறந்தார்கள்.

சென்யோரா வீடு குவாதலூபே பகுதியில் இருந்தது. நகர மையத்துக்கு வடக்கே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். காற்று அங்கே போட்ட அடி பெரிய அடி. அவருக்கு அப்போது ஒன்பது வயது. "சத்தம் எல்லாரும் சொல்ற மாதிரி ரயில் இல்ல, மிஹா" என்றார். மிஹா என்றால் மகளே. "காது அடைச்சுப்போச்சு. அம்மா வாய் திறக்குறது தெரியுது, குரல் வரல." அலமாரிக்குள் ஐந்து பேர் நின்றிருக்கிறார்கள். வெளியே வந்தபோது தெரு எது, முற்றம் எது என்று தெரியவில்லை. இருட்டில் கண்ணாடிச் சில்லுமேல் வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார்கள். அந்தக் காலை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் திரும்பவில்லை. மேற்கே ஆர்னெட் பென்சன் பக்கம், இன்னும் வேறு பக்கங்களுக்குப் போனார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்கு எளிதில் வீடு கிடைக்காத தெருக்கள் அவை. ஒரு வகையில் காற்று ஊரின் சாதிச்சுவரை உடைத்தது என்று சிலர் பெருமையாகவே சொல்கிறார்கள். உடைந்த சுவருக்குள் இருந்தது யார் வீடு என்றும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அதே ஆண்டே ஊர் வாக்களித்துக் கடன் பத்திரம் வெளியிட்டது. காலியான நிலத்தில் அரங்கமும் நூலகமும் எழுந்தன. அரங்கத்தின் பெயரிலேயே நினைவு என்ற சொல் இருக்கிறது, 1977இல் திறந்தது.

"நல்ல கட்டடம்தான்" என்றார் சென்யோரா, திரும்பும் வழியில் அதைப் பார்த்தபடி. "என் பேத்தி பட்டமளிப்பு அங்கதான்."

மே 12

பலகையைத் திரும்ப அடித்தேன். இந்த முறை ஒவ்வொரு திருகாணிக்கும் பென்சில் குறி. நின்றது. தாளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மே 15

சென்யோரா போளி மாதிரி ஒன்று செய்து கொடுத்து அனுப்பியிருந்தார், உள்ளே பூசணி. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "நீ சுவரை உடைக்கிற ஆபீஸ்லதானே இருக்க, என் அலமாரியைப் பாரு" என்றார்.

இந்த ஊரில் நிலவறை இருக்கிற வீடு குறைவு. ஆனால் வீடு முழுக்கச் சரிந்த இடத்திலும் நடுவே ஒரு சின்னப் பண்ட அறையோ குளியலறையோ அப்படியே நிற்பதைப் பொறியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த ஒரு அறையை மட்டும் பலப்படுத்தினால் போதுமே என்ற யோசனையும் இங்கிருந்து கிளம்பியதுதான். ஆகையால் அவர் கேட்டது சரியான கேள்வி.

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது, இடம் நல்லது. விரலால் தட்டினேன். டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம். ஜிப்சம் அட்டை. நம் கட்டை இதைப் பார்த்தால் வேகம்கூடக் குறைக்காது. உள்ளே கோட்டுகளுக்குக் கீழே ஒரு டார்ச், ஒரு தண்ணீர் கேன், வரிசையாக மூன்று ஜோடி ஷூ. மூன்றிலும் லேஸ் கட்டாமல் தளர்த்தி வைத்திருந்தார், இருட்டில் காலை நுழைக்க வசதியாக.

"எப்படி இருக்கு, மிஹா?"

இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை, நடுவில் இரும்புத் தகடு, தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்று சொன்னேன். வாடகை வீட்டில் போல்ட் போட விடுவார்களா என்று கேட்டார். தெரியாது, எழுதிக் கேட்கலாம் என்றேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதில் பலகைக்கு ஆகிற செலவு பரவாயில்லை. கதவுதான் இடிக்கிறது. சுவர் தாங்கினாலும் தாழ்ப்பாள் பிய்த்துக்கொள்ளும். சனிக்கிழமை டேப் எடுத்துப்போய் நிலையை அளந்துவிட்டு வர வேண்டும்.