கேட்பாரற்ற சைக்கிள்கள்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2

கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களை வாங்கி, பழுதுபார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்காக இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரோரம் 34 சைக்கிள்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஒரு சிவப்புச் சிறுவர் சைக்கிளின் பெல்லை அழுத்திப் பார்த்தேன், அடித்தது. முன்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை.

சங்கச் செயலாளர், "எல்லாத்தையும் இன்னைக்கே அள்ளிட்டுப் போயிடுங்க சார், இடம் கிடைச்சாப் போதும்" என்றார். சரி என்று தலையாட்ட ஒரு நொடிதான் ஆகும். முடியாது என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதியில், "இது யாரோடதும் இல்லை" என்று காவலாளி காட்டிய சைக்கிளை எடுத்து வந்தோம். ஓவராயில் செய்து ஒரு பையனிடம் கொடுத்தும்விட்டோம். அப்புறம்தான் சொந்தக்காரப் பெண் வந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான்கு மாதம் ஊருக்குப் போயிருந்தவள். வேறு வழியில்லாமல் பையனிடமிருந்து திருப்பி வாங்கினேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை நீட்டினான். அடுத்த வாரம் வேறு சைக்கிள் கொண்டுபோனபோது, "இதைக் கேட்டு யாரும் வர மாட்டாங்களே?" என்றான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஜூன் 3

34க்கும் அறிவிப்புச் சீட்டு கட்டியாயிற்று. கட்டிய தேதி, முப்பது நாள் கெடு, தொலைபேசி எண், "உங்களுடையது என்றால் சீட்டைக் கழற்றிவிடுங்கள், அது போதும்" என்று ஒரு வரி.

சீட்டை ஹேண்டில்பாரில் கட்டக் கூடாது. பின்சக்கரக் கம்பியையும் பிரேமையும் சேர்த்து, பருத்தி நூலால் கட்ட வேண்டும். வண்டியை யாராவது ஓட்டினால் நூல் தானாக அறுந்துவிடும். தினமும் ஓட்டுகிறவர்கள் சீட்டைப் படிப்பதே இல்லை. அவர்களுக்காக நூல் பேசிவிடும்.

ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பிரேம் எண்ணையும் குறித்துக்கொண்டோம். பெரும்பாலும் அது பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரிகிறது. மூன்று வண்டிகளில் எண்ணே இல்லை, அல்லது துரு தின்றுவிட்டது.

ஜூன் 12

ஏழு நூல் அறுந்திருக்கிறது. ஒருவர் கோபமாகப் பேசினார்: "என் வண்டியைக் குப்பைன்னு யார் சொன்னது?" மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது நியாயம்தான். தூசி படிந்திருப்பதை வைத்து வேண்டாத வண்டி என்று நாமாக முடிவு கட்டுகிறோம்.

ஒரு அம்மா வந்து மகனுடைய சைக்கிளைப் பார்த்தார். மகன் வெளியூரில் வேலைக்குப் போய் ஆறு வருடம். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்பா" என்று போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை.

ஜூன் 19

காவல் நிலைய வளாகத்துக்கு மூன்றாவது முறை. அங்கே குவிந்திருக்கும் சைக்கிள்களில் இரண்டு வகை உண்டு. வழக்குச் சொத்து ஒன்று. வழக்கு முடிந்து உத்தரவு வரும்வரை அதைத் தொட முடியாது. உரிமை கோரப்படாதது இன்னொன்று. அதற்கு முறைப்படி அறிவிப்பு, கெடு, பிறகு ஏலமோ ஒப்படைப்போ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே துரு. எழுத்தருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அவரிடம் மரியாதையாகப் பேசி, நம் பதிவுக் கடிதத்தையும் பிரேம் எண் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவதே வழி. நம் பட்டியலில் உள்ள 31 எண்களில் திருட்டுப் புகார் எதிலும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்.

இந்தக் காத்திருப்பைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு ஜப்பான். அங்கே 1980இல் சைக்கிளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1993இல் அதைத் திருத்தினார்கள். அகற்றிய சைக்கிளைப் பற்றி அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதம் ஆகியும் திருப்பித் தர முடியவில்லை என்றால், உரிமை நகராட்சிக்கு வந்துவிடும். அப்படி வந்தவற்றைப் பழுதுபார்த்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிற நகராட்சிகளும் உண்டு. உரிமை எந்தத் தேதியில் கைமாறுகிறது என்பது தெளிவாக இருப்பதால் வாங்குகிறவருக்குப் பயமில்லை. நம்மிடம் அந்தத் தெளிவை ஒரு கடிதமும் பொறுமையும்தான் தர வேண்டியிருக்கிறது.

ஜூலை 5

கெடு முடிந்தது. 11 பேர் வந்து தங்களுடையதை மீட்டுக்கொண்டார்கள். மீதி 23. அந்த அம்மா, "கொடுத்திடச் சொல்லிட்டான்" என்று வந்து, சைக்கிளைத் தானே துடைத்துக் கொடுத்தார். பூட்டின் இரண்டு சாவிகளும் ஒரே கயிற்றில் இருந்தன.

செயலாளர் சங்கத்தின் கடிதத்தில் 23 பிரேம் எண்களையும், எண் இல்லாதவற்றுக்கு நிறத்தையும் அடையாளத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். அப்புறம்தான் வண்டியில் ஏற்றினோம்.

ஜூலை 8

நேற்றும் இன்றும் ஒரே ஒரு சீட் கம்பியோடு போராட்டம். இரும்பு பிரேமுக்குள் அலுமினியக் கம்பி. வருடக்கணக்கில் ஈரம் இறங்கி இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. சுத்தியலால் தட்டினால் கம்பியின் தலைதான் நசுங்கும். எங்களோடு வேலை செய்யும் மெக்கானிக் அண்ணன், "அவசரப்படாதீங்க தம்பி, எண்ணெய்க்கு இது மசியாது" என்றார். அலுமினியத் துருவை அமோனியா இளக்கும். பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுப் பக்கமாக அமோனியாவை ஊற்றி, நேற்று இரவு முழுக்கத் திறந்த வெளியில் வைத்திருந்தோம்.

இன்று அண்ணன் இருக்கையைக் கழற்றிவிட்டுக் கம்பியின் தலையை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கினார். பிறகு பிரேமையே நெம்புகோலாகப் பிடித்து இரண்டு பேர் திருப்பினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கதவுக் கீல் போல ஒரு கிரீச். ஒரு நூலளவு நகர்ந்தது. முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி, முக்கால் மணி நேரத்தில் வெள்ளைப் பொடி உதிர உதிர வெளியே வந்தது. அண்ணன் அந்தக் கம்பியை எல்லோருக்கும் காட்டினார்.

புதிதாக வந்த தம்பி ஒருவன் இடது பெடலை வழக்கம்போலத் திருப்பி மேலும் இறுக்கிவிட்டான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். ஒரு முறை தவறினால் பிறகு மறக்காது.

ஜூலை 14

பிரித்து முடித்தோம். ஓடக்கூடியவை 13. உதிரிபாகத்துக்கு 6. பழைய இரும்புக்கு 4.

அந்த நான்கை விட மனசில்லைதான். ஆனால் முன் குழாய்க்குப் பக்கத்தில் பற்றவைப்பில் விரிசல் கண்ட பிரேமை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பெயிண்ட்டில் முடி போல ஒரு கோடு, அதன் ஓரம் துருக்கசிவு. அங்கே உடைந்தால் ஓட்டுகிறவர் முகம் தரையில்தான். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களிலிருந்து ஆண்டுக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள் வரை எடுக்கிறார்கள். அவையும் பெரும்பாலும் பழைய இரும்புக்குத்தான் போகின்றன. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகத் தரத்தைக் குறைக்க முடியாது.

செயினுக்கு அளவுகோல் போதும். ஓர் இணைப்பு அரை அங்குலம். 24 இணைப்பு சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றிவிடுகிறோம். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வண்டிகளை வரிசைப்படுத்தினோம். 26 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் ஒன்றில் 559, இன்னொன்றில் 590 என்று இருக்கும். மில்லிமீட்டரில் ரிம்மின் அளவு அது. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பெறுகிறவருக்கு நாளை டயர் எங்கே கிடைக்கும் என்று இன்றே பார்த்தாக வேண்டும்.

ஜூலை 20

13இல் 4 வண்டிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். காலூன்றி நிற்க முடிகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்போம். பெரிய வண்டியைக் கொடுத்துப் பிள்ளையைக் குரங்குப் பெடல் போட வைப்பது உதவியாகாது.

மீதி 9 வேலைக்குப் போகிறவர்களுக்கு. இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. நியூஜெர்சியில் 1991இல் பழைய சைக்கிள்களைச் சேர்த்து அனுப்பத் தொடங்கிய டேவிட் ஷ்வைடன்பேக், அதற்கு முன் ஈக்வடாரில் தொண்டராக இருந்தவர். அங்கே அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு தச்சர், சைக்கிள் வைத்திருந்தவர். மற்றவர்கள் நடந்து போனதால் அவரைப் போலத் தொலைவில் வேலை பிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்த நினைவுதான் தொடக்கம். எனக்கும் அப்படித்தான் படுகிறது: சைக்கிள் வந்ததும் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலையின் எல்லை அகலமாகிறது.

ஜூலை 22

கொடுத்தோம். ஒவ்வொரு வண்டியோடும் பூட்டு, இரண்டு சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான். கூடவே பிரேம் எண்ணும், யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்பதும் எழுதிய ஒரு தாள். சங்கக் கடிதத்தின் நகலும் உண்டு.

வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்காவுக்கு, அந்த அம்மாவின் மகனுடைய சைக்கிள். தாள் எதற்கு என்று கேட்டார். "இனி இது உங்களோடதுதான். யார் கேட்டாலும் இதைக் காட்டுங்க" என்றேன். இரண்டாக மடித்து, இன்னொரு முறை மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து பார்த்தார். "சீட்டைக் கொஞ்சம் இறக்கணும்" என்றார். அண்ணன் ஸ்பேனர் எடுத்து வந்தார்.