துணிமூட்டைக்குக் காவல் இல்லாத குற்றாலம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் காட்டிய அன்று ராத்திரியே மதினியிடமிருந்து போன். "ஏட்டி, தண்ணி நல்லா விழுதாம்ல. எப்ப வார?" அவ்வளவுதான் பேச்சு. சுகர் எவ்வளவு, பேரன் எப்படிப் படிக்கிறான் என்பதெல்லாம் ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்பது மதினியின் கணக்கு.

மதினி என்றால் என் பெரிய அண்ணன் மனைவி. வயது 74, எனக்கு 68. மதினி அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார், நான் மதுரையில் மகள் வீட்டில். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. முழங்கால் என்று பார்த்தால் ஆளுக்கு ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் மகள் வழக்கம்போலக் கேட்டாள், "அருவியில வழுக்கி விழுந்தா யாரும்மா பாக்கது?" மருமகன் கார் வைத்து அனுப்புகிறேன் என்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் காரில் போனால் டிரைவர் தம்பி சாப்பிட்டாரா, அவருக்கு நேரமாகிறதா என்று அதே நினைப்பாக இருக்கும். வீட்டில் ஆயுசு முழுக்க அந்த நினைப்போடு இருந்தாயிற்று, வெளியே போகிற இடத்திலுமா?

முந்தின நாளே அம்பைக்குப் போய் மதினி வீட்டில் படுத்து எழுந்து, காலையில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு டிக்கெட் 10 ரூபாய். ரயிலில் 58 வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும்போதெல்லாம் அது கையைக் கடிக்கத்தான் செய்கிறது. இந்தப் பாசஞ்சரில் அந்தக் குறையே தெரியவில்லை. பத்து ரூபாய்க்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஜன்னல் சீட்டு, இடது பக்கம் முழுக்க மலை.

போகிறவர்கள் இடது பக்கம் பார்த்து உட்காருங்கள். கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக மலை கூடவே வரும். கார் நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதற்கு முன்பு எனக்கு மலை என்றால் மொத்தமாக ஒரு நீலம், அவ்வளவுதான். இப்போது மலையின் மடிப்பு தெரிகிறது, மேகம் எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது, வரப்பில் நிற்கிற கொக்கு ஒற்றைக்காலிலா இரட்டைக்காலிலா என்பதுகூடத் தெரிகிறது. இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக மதினியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாவூர்சத்திரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் கண்ணு இருக்குட்டி" என்றார்.

இந்தத் தடத்தில் சின்ன வயதில் கரி எஞ்சினில் வந்திருக்கிறேன். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரி விழும், அப்பா அதட்டுவார். கொல்லம் வரைக்கும் போகிற பாதை 1904லேயே போட்டது. நெல்லை–தென்காசி பக்கம் அகலப்பாதையாக மாறியது 2012ல். இப்போது கரியும் இல்லை, அதட்டுகிற ஆளும் இல்லை.

தென்காசியில் இறங்கியதும் நேராகக் குற்றாலத்துக்குப் போவதில்லை, முதலில் பெரிய கோயில் கோபுரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் நிற்போம். சாமி கும்பிட என்பதைவிடக் காற்று வாங்க என்று சொல்வதுதான் நியாயம். ஆடி மாதம் அந்தக் கோபுர வாசலில் அடிக்கிற காற்றுக்குச் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எனக்கு இந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திருப்தி. நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் இது பிளந்துபோய், மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்றது. அதன் கீழே நடக்கவே பயமாக இருக்கும். 1990ல்தான் ஒன்பது நிலையும் முழுதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தது. 15ம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். ராஜா இப்படிப் பணிந்து எழுதியதை மதினியிடம் சொன்னபோது, "வீடு கட்டுனவனுக்குத்தான அதோட அருமை தெரியும்" என்றார். அவரே நின்று கட்டின வீட்டை விட்டு வர மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர், அதனால் எனக்குப் புரிந்தது.

அங்கிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ். இதுதான் மதினிக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, அந்த இலவச டிக்கெட்டை மதினி வாங்கி, மடித்து, பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வீட்டில் கணக்குச் சொல்லியே பழகின கை அது.

சரி, அருவிக்கு வருவோம்.

மெயினருவியில் அன்று தண்ணீர் நல்ல அளவு. பாதுகாப்பு வளைவுக்கு மேலே தண்ணீர் வந்தால் போலீஸ் குளிக்க விட மாட்டார்கள், அன்று வளைவுக்கு உள்ளேதான் விழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து வருகிற சிற்றாறு நேராக நம் தலையில் விழுவதில்லை, நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்துக்கு யார் தலை கொடுக்க முடியும்?

ஒரு பழைய கதை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மதினி ஏன் அப்படிக் குளித்தார் என்பது புரியாது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மதினி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தார். வருடா வருடம் சீசனுக்கு வீடே கிளம்பிக் குற்றாலம் போகும். அப்பா, சித்தப்பாமார், அத்தைகள், பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்போம், மணிக்கணக்காக ஏற மாட்டோம். (இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி கிடையாது, நல்லதுதான், அந்தக் காலத்தில் பாறை முழுக்க வழுக்கும்.) நாங்கள் குளிக்கிற நேரம் முழுக்க மதினி எங்கே இருப்பார் தெரியுமா? மேட்டில், துணிமூட்டைக்குக் காவல். இடுப்பில் ஒரு பிள்ளை, பக்கத்தில் புளியோதரைத் தூக்குவாளி. எல்லாரும் ஏறி வந்து, துவட்டி, தின்று முடித்த பிறகு, "நீயும் போய் ரெண்டு முங்கு முங்கிட்டு வா" என்று அம்மா சொல்வாள். போவார். போன வேகத்தில் வந்துவிடுவார், பிள்ளை அழும், வண்டிக்கு நேரமாகும். வீட்டுக்கு வீடு அப்படித்தான் இருந்தது. மேடு முழுக்க இப்படி மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற மருமகள்கள்தான்.

இப்போது எங்களிடம் மூட்டையே இல்லை. ஒரே ஒரு பை, அதையும் தெரிந்த டீக்கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டோம். மதினி பல்செட்டைக் கழற்றி, கர்ச்சீப்பில் சுற்றி, நான் வைத்திருந்த சின்ன ஜிப் பர்ஸில் போடச் சொன்னார். "பத்திரம்ட்டி, பன்னெண்டாயிரம்." ஆக, இந்த முறை காவல் வேலை எனக்கு.

பெண்கள் பக்கம் கூட்டம் அவ்வளவாக இல்லை. எங்களைப் பார்த்ததும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், "ஆச்சி, கம்பியப் பிடிச்சுக்கோங்க" என்று வழிவிட்டார்கள். ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் மெலிதாக விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றோம். முதலில் பாதம், அப்புறம் தோள். தோளில் விழுந்ததும் மூச்சு ஒரு நிமிடம் நின்று திரும்பி வரும், அதற்குப் பிறகு குளிர் தெரியாது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது எதுவும் கேட்காது. மதினி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முதுகை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்தார். நாள்பட்ட இடுப்புவலி அவருக்கு. தண்ணீர் தொம் தொம் என்று முதுகில் அடிக்க அடிக்கக் கொண்டை அவிழ்ந்து, வெள்ளை முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார். நானும் வாயைத் திறந்தேன், அருவித் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். கைவிரல் எல்லாம் சுருங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே கையைப் பிடித்துப் படியேற்றி விட்டார்கள். "நல்லா இருப்ப தாயி" என்று மதினி இரண்டு பேர் கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். பல்செட் போடாததால் அது "நல்லா இழுப்ப தாயி" என்று கேட்டது, பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அருவியில் குளித்தால் வருகிற பசி இருக்கிறதே, வேறு எதிலும் வராது. உடை மாற்றுகிற அறையிலிருந்து வெளியே வரும்போதே எனக்குக் கை நடுங்கியது. மதினி விடியற்காலை எழுந்து இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். கூடவே சூடாக மிளகாய் பஜ்ஜி. வீட்டில் பஜ்ஜி என்றால் மகள் முறைப்பாள், எண்ணெய், கொலஸ்ட்ரால் என்று. இந்தப் பஜ்ஜியை அவளிடம் சொல்லப் போவதில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் சரி.

அப்புறம் குற்றாலநாதர் கோயில். அருவிச் சாரல் கோயில் வாசலிலேயே அடிக்கும். நடராஜரின் ஐந்து சபைகளில் சித்திரசபை இந்த ஊரில்தான். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே நடராஜர் ஓவியமாகவே இருக்கிறார், தனிக் கட்டடம், சுவரெல்லாம் படம். என் புதுக் கண்ணுக்கு அது நல்ல விருந்து. இங்கே மூலவருக்குத் தைலம் சாத்துவார்கள், கஷாயமும் படைப்பது வழக்கம், எப்போதும் ஈரமும் குளிருமாக இருக்கிற ஊர் என்பதால். மதினி அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, சாமிக்கே கஷாயம் வேண்டிக் கெடக்கு, ஒம் மவ சொல்லுததுல தப்பில்ல" என்றார்.

சன்னதியில் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்ததும், "என்ன மதினி, அவ்வளவு நேரமா என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேண்டுறதுக்கு என்னட்டி இருக்கு? குளிச்சேன், நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் உள்ளே நின்று பேரனின் பரீட்சை, மருமகனின் வேலை மாற்றம், என் முழங்கால் என்று பெரிய பட்டியலே வாசித்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பும்போது மங்குஸ்தான் வாங்கினோம். மேலே மலைத் தோட்டங்களில் விளைகிற பழம், சீசனில் கடைக்குக் கடை குவித்திருப்பார்கள். பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் ஒரு சின்னப் பெண் அம்மா மடியில் உட்கார்ந்து எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி ஒரு பழத்தை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ அத்தனை சுளை உள்ளே. "எண்ணு பாப்போம்." பிள்ளை விரலை வைத்து எண்ணி ஆறு என்றது. மதினி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினார், கருஞ்சிவப்புத் தோல் பிளந்து வெள்ளைச் சுளை, சரியாக ஆறு. அந்தப் பிள்ளைக்கு வந்த ஆச்சரியம் இருக்கிறதே! அப்புறம் தென்காசி வரைக்கும் இதே வேலைதான், பையில் இருந்ததில் முக்கால்வாசியை அவளே எண்ணி அவளே தின்றாள். மதினி சேலையில் மங்குஸ்தான் கறை. அது எதற்கும் போகாது.

போகிற ஆச்சிமாருக்கு இரண்டு வார்த்தை: சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், செவ்வாய், புதன் மாதிரி வாரநாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள். சேலையை விட நைட்டியோ சுடிதாரோ வசதி, சேலை ஈரமாகிக் காலைச் சுற்றினால் ஆபத்து. பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். நடுவில் போய் நிற்க வேண்டாம், ஓரம் போதும்.

அடுத்தது சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி வயல் பார்க்கப் போக வேண்டுமாம். ஆடியில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், போட்டோ எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கண்டக்டரிடம் பஸ் விவரம் எல்லாம் மதினி கேட்டு வைத்துவிட்டார். இட்லி மட்டும் இந்த முறை என் பொறுப்பு, மிளகாய்ப்பொடி மதுரை ருசியில் இருக்கக் கூடாது என்று உத்தரவு.