பெரியம்மா மேசைக்கு ஒரு பவர் பட்டன்

ஜூலை 20, சனி

இடுப்பு ஆப்பரேஷன் ஆனதுல இருந்து பெரியம்மா குனியவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு, ஆனா சிபியு இருக்கறது மேசைக்கு அடியில சுவத்தோரமா, மேல தூக்கி வைக்கலாம்னா பிரிண்டரும் அட்டைக் கட்டும் மேசையை முழுசா அடைச்சுட்டு கெடக்கு. பாலக்காடு பக்கம் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற கொழிஞ்சாம்பாறைல தமிழ்லயும் மலையாளத்துலயும் கல்யாணப் பத்திரிகை அடிச்சுத் தர்றவங்க அவங்க. மாப்ள வீட்டுக்குத் தமிழ், பொண்ணு வீட்டுக்கு மலையாளம்னு ஒரே கார்டுல ரெண்டும் கேப்பாங்க. இப்ப ஆடி, மலையாளத்துக்காரங்களுக்கு கர்க்கடகம், முகூர்த்தம் இல்ல. ஆவணி பொறந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது, அதுக்குள்ள கைக்கெட்டற எடத்துல ஒரு பட்டன் வச்சுக் குடுத்துடணும்.

கீபோர்டுலயே ஆன் பண்ற வசதி சில மதர்போர்டோட பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ல உண்டு. இதுல தேடினேன், இல்ல.

ஜூலை 21, ஞாயிறு

சைடு பேனலைக் கழட்டினா உள்ள ஒரே புழுதி, ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அள்ளிட்டு வர்ற மண்ணு எல்லாம் இங்கதான் வந்து படியுது போல. பிளக்கைப் புடுங்கிட்டு பிரஷ்ஷால தட்டி எடுத்தேன்.

போர்டோட கீழ் ஓரத்துல, முன்பக்க பட்டன், லைட்டு ஒயரெல்லாம் சொருகற எடத்துல, ரெண்டு வரிசையா பின்னு. ஒத்தைப்படை நம்பர் வரிசைல அஞ்சு பின்னு, ரெட்டைப்படை வரிசைல நாலு, பத்தாவது பின் இருக்க வேண்டிய எடம் காலி. அந்தக் காலி எடம்தான் நமக்கு அடையாளம். அதே வரிசைல அதை ஒட்டி இருக்கற ரெண்டும், அதாவது 8-ம் 6-ம், பவர் சுவிட்ச். அதுக்கடுத்த 4-ம் 2-ம் பவர் எல்இடி. எதிர் வரிசைல 5, 7 ரீசெட், 1, 3 ஹார்டு டிஸ்க் லைட்டு. 9-ல 5 வோல்ட் இருக்கும், அங்க எதுவும் படக்கூடாது. நிறைய போர்டுல இதே வரிசைதான், இருந்தாலும் உங்க போர்டு மேனுவலை ஒருதடவ பாத்துக்கோங்க.

திரும்ப பிளக் சொருகி, கேபினட் பட்டன்ல இருந்து வர்ற குட்டி ஒயர் பிளக்கை மட்டும் பின்னுல இருந்து உருவிட்டு, 6-ஐயும் 8-ஐயும் ஸ்க்ரூடிரைவர் நுனியால லேசா ஒரு தொடு. ஃபேன் சுத்த ஆரம்பிச்சுருச்சு.

“ஏங்கண்ணு, கரண்ட் கிரண்ட் அடிச்சுப்போடுமா?”ன்னு பெரியம்மா கதவுக்கிட்ட இருந்தே கேக்கறாங்க. அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. ஏடிங்கற பழைய டைப் சிபியு பெட்டில முன்னாடி பட்டனுக்கே 230 வோல்ட் நேரா வந்துட்டு இருந்துச்சு, அவங்க தொழில் கத்துக்கிட்டது அந்த மாதிரி மெஷின்லதான். 1995-ல இன்டெல் ஏடிஎக்ஸ்ங்கற புது டைப்பைக் கொண்டுவந்தப்பறம் கதையே வேற. பிளக் சொருகி இருக்கற வரைக்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டி, ஊதா ஒயர்ல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை குடுத்துட்டே இருக்கும், பட்டன் அமுக்கினா போர்டுக்கு ஒரு சிக்னல் மட்டும் போகும், அப்பறம் போர்டே பச்சை ஒயரைக் கிரவுண்டுக்கு இழுத்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும். பட்டன் ஒயர்ல 5 வோல்ட்டுக்கு மேல எதுவுமே இல்லீங்க பெரியம்மான்னு சொன்னப்பறம்தான் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

ஜூலை 24, புதன்

கோபாலபுரம் வழியா பொள்ளாச்சி போய் சாமான் வாங்கியாச்சு. 16 மில்லிமீட்டர் ஸ்டீல் பட்டன், சுத்தி வளையமா லைட்டு. கேட்டு வாங்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, கைய எடுத்தா திரும்பி வர்ற டைப்பா இருக்கணும். அமுக்கினா அப்படியே நிக்கற டைப்பைப் போட்டா சுமார் 4 செகண்டு தொடர்ந்து அமுக்கின கணக்காயிடும், போர்டு மெஷினை அணைச்சுப்போடும். ரெண்டு, லைட்டு 3-6 வோல்ட் டைப். 12 வோல்ட்டது இந்தப் பின்னுல சரியா எரியாது.

ஜூலை 28, ஞாயிறு

கம்ப்யூட்டரை நெட்டோட இணைக்கற பழைய லேன் பேட்ச் கார்டு (குட்டி ஒயர்) ஒண்ணை வெட்டி எடுத்துக்கிட்டேன். சுவத்துக்குள்ள போற லேன் கேபிள்ல ஒத்தைக் கம்பி, மடக்க மடக்க ஒடஞ்சுரும், பேட்ச் கார்டுல மெல்லிசு மெல்லிசா பல இழை, அசஞ்சாலும் தாங்கும். ஆரஞ்சு ஜோடி சுவிட்சுக்கு, நீல ஜோடி லைட்டுக்கு. பட்டன் பின்னாடி அஞ்சு கால், மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு, அமுக்கறப்ப மட்டும் கத்தற ரெண்டு காலைக் கண்டுபிடிச்சு சால்டர் வச்சேன், மேல ஹீட் ஷ்ரிங்க், சூடு காட்டினா சுருங்கிப் புடிச்சுக்கற டியூப். சுவிட்சுக்கு பிளஸ் மைனஸ் கெடையாது, லைட்டுக்கு உண்டு, பிளஸ் 2-ல.

கேபினட் பட்டனோட ஒயரைப் பாதியில சீவி அதோடயே சேத்துட்டேன், அதனால ரெண்டு பட்டனும் வேலை செய்யும். பின்னாடி காலி ஸ்லாட் தகட்டைக் கழட்டி ஒயரை வெளிய கொண்டுவந்தேன், தகரம் கிழிக்காம இருக்க ரப்பர் வளையம் போட்டு. பிளைவுட் மேசைல ஓட்டை போட்டா பட்டனோட மறை பத்தாது, பலகை அத்தனை தடிமன், அதனால சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸ்ல பொருத்தி மேசையோட வலது ஓரத்துல திருகிட்டேன்.

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல பட்டன் அமுக்கினா ஒண்ணும் செய்யாதேன்னு மாத்தி வச்சேன், அட்டைக் கட்டு இடிச்சா நடுவேலைல அணையக்கூடாது பாருங்க. ஆன் பண்றதுக்கு இதனால ஒரு தடையும் இல்ல, ஸ்டக் ஆனா அழுத்திப் புடிச்சு அணைக்கவும் செய்யலாம்.

பெரியம்மா சேர்ல சாஞ்சபடியே கைய நீட்டி அமுக்கினாங்க, வளையம் நீலமா எரிஞ்சுது. ரீசெட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வைக்கலாமேன்னு பெரியப்பா கேட்டாரு. வேண்டாம்னுட்டேன், அதை விண்டோஸ்ல தடுக்க முடியாது, கை பட்டா சேவ் பண்ணாத பத்திரிகை அப்பவே போயிடும்.