காற்புள்ளி வந்த கதை

பள்ளிப் பழைய மாணவர் மலருக்காக அதன் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "பேரோட பட்டத்தையும் எழுதுங்கோ, இல்லாட்டி ஆள் ஆரெண்டு ஒருத்தருக்கும் பிடிபடாது" என்றார்கள். சரி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான் காற்புள்ளி.

இந்தப் பட்டத்துக்குப் பள்ளியில் மூன்று காரணங்கள் உலவின. கணிதத்தில் எனக்குக் கிடைத்த புள்ளி வெறும் கால்தானாம். பந்தடிக்கும்போது முழங்காலுக்குக் கீழே பட்ட காயம் வட்டத் தழும்பாக நின்றுவிட்டது. காலிலே புள்ளி இருப்பதால் வந்த பெயர் என்று கீழ்வகுப்புப் பிள்ளைகள் நம்பினார்கள். கதை தொடங்கினால் முடிக்கவே மாட்டான் என்பது மூன்றாவது. மூன்றுமே எனக்குப் பொருந்தியதுதான் கொடுமை. ஆனால் மூன்றும் பின்னால் வந்து ஒட்டியவை.

நடந்தது இதுதான். 6ஆம் வகுப்பில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அதற்கு முன் படித்த இடத்தில் எல்லாரும் 'கமா' என்றுதான் சொல்வார்கள். இங்கே முதல் வாரமே சொல்வதெழுதல். தமிழ் ஆசிரியர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்: "வானம் கறுத்தது காற்புள்ளி காற்று எழுந்தது காற்புள்ளி மழை பொழிந்தது முற்றுப்புள்ளி." முற்றுப்புள்ளி எனக்குத் தெரியும். காற்புள்ளியைத்தான் மழைக்கு முன் பறந்து வரும் ஏதோ பறவை என்று நினைத்து, இரண்டு இடத்திலும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி வைத்தேன். திருத்துவதற்குக் கொப்பியைப் பக்கத்தில் இருப்பவனிடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். அவன் வாசித்தான், வாயைப் பொத்தினான், பிறகு பொத்த முடியவில்லை.

மறுநாள் கரும்பலகை முழுக்க 'கால்புள்ளி'. ஆசிரியர் துடைப்பானை எடுத்ததும், தப்பினேன் என்று மூச்சுவிட்டேன். அவர் 'ல்' ஒன்றை மட்டும் அழித்து, அந்த இடத்தில் 'ற்' எழுதினார். "பட்டம் வைக்கிறதெண்டால் பிழையில்லாமல் வையுங்கோ."

அப்புறம் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாடத்தை விட்டுவிட்டுக் குறுந்தொகைக்குப் போனார். 40ஆம் பாட்டில் அன்புடை நெஞ்சங்கள் கலந்ததற்கு 'செம்புலப் பெயல்நீர்' என்று உவமை சொன்ன புலவருக்கு அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. 305ஆம் பாட்டில் குப்பைக் கோழிகளின் சண்டையை உவமையாக்கியவர், பாவம், குப்பைக் கோழியார். தாய் தகப்பன் வைத்த பெயர் இன்று எவருக்கும் தெரியாது. "எழுதின ஒரு சொல்லால பேர் வாங்கினவங்கள். நீயும் அப்பிடித்தான். குப்பைக் கோழியோட பார்த்தால் உன்ர பேருக்கு என்ன குறை?" என்றார். ஓலைச்சுவடியில் காற்புள்ளியே கிடையாது, ஆகவே சங்கப் புலவருக்குக்கூட வாய்க்காத பட்டம் இது என்று வேறு சேர்த்துக்கொண்டார். அன்று எனக்கு அது ஆறுதலாக இல்லை. இப்போது யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிலருக்குத் தெளித்த பட்டங்கள் தெளித்தவர்களுக்கு மட்டுமே இனித்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

இலக்கணப்படி என்னுடையது காரணப்பெயர். காரணம் தெரிந்த ஏழெட்டுப் பேரைத் தவிர மற்றவர்களுக்கு அது இடுகுறிதான், அதனால் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதை விட்டுப் பல காலமாகிறது.

போன ஒன்றுகூடலில் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள். முழுப்பெயரும் அழகாக அச்சடித்திருந்தது. அரை மணி நேரம் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். வந்தவர்கள் அட்டையை வாசித்தார்கள், மரியாதையாகச் சிரித்தார்கள், நகர்ந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் போய்ப் பேனா வாங்கி, பெயருக்குப் பின்னால் கொழுத்த காற்புள்ளி ஒன்று போட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலை முழுக்க நரைத்த ஒருவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். கொப்பி திருத்தியவனேதான். பேத்தியைக் கூப்பிட்டு, "நான் சொல்லுவனே, காற்புள்ளித் தாத்தா, இவர்தான்" என்றான். பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தது.