‘அந்த அம்மாவ நான் கேட்டதாச் சொல்லுங்க’

1988-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில், யாழ்ப்பாணம் பக்கத்துப் பலாலியில் இருந்தபோது வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவேன், என் அத்தை மகளுக்கு. அப்போது நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது. என் கடிதங்களுக்கு இரண்டு தணிக்கை. படைத் தபாலில் இருக்கும் இடத்தையோ செய்யும் வேலையையோ எழுதக்கூடாது. கோவில்பட்டியில் மாமா பிரித்துப் படித்த பிறகுதான் கடிதம் அவள் கைக்குப் போகும். நான் அதிகம் பயந்தது மாமாவுக்குத்தான்.

அதனால் எழுதக் கிடைத்ததெல்லாம் சோறும் தண்ணியும்தான். மூன்று வேளையும் சப்பாத்தி. வெள்ளை பனியன் ஒரே வாரத்தில் செங்கல் நிறமாகிவிடும், அப்படி ஒரு செம்மண். பனைமரத்தைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வருகிறது என்று எல்லாக் கடிதத்திலும் எழுதினேன் போலிருக்கிறது. “காயிதத்துல மண்ணெண்ணெய் வாசம் வருது, அடுப்புப் பக்கத்துல உக்காந்தா எழுதுறீங்க அத்தான்?” என்று ஒருமுறை கேட்டிருந்தாள். ஆமாம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது ஹெலிகாப்டர் எரிபொருளின் வாசம். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது.

எம்.ஐ-8 ஹெலிகாப்டரில் 12 ஸ்ட்ரெச்சர் மாட்டலாம். காயம்பட்டவர்களை இறக்கிய பிறகு வண்டியைக் கழுவி அடுத்த பயணத்துக்குத் தயாராக்க வேண்டும். நான் இன்ஜின் ஃபிட்டர், கழுவுவது என் வேலை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? தரையில் சரக்கு கட்டுவதற்கான வளையங்கள் இருக்கும். அதன் குழிகளில் தேங்கியது துடைப்பத்துக்கு வராது. பழைய பல் பிரஷ் ஒன்று வைத்திருந்தேன். இதை எழுதாமல் விட்டதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. எந்தப் பெண்ணுக்கு இதை எழுதுவது? மாமா வேறு படிப்பார்.

எழுதாததை விடுங்கள், எழுதிய ஒன்றுதான் என்னை விடாமல் படுத்துகிறது.

தமிழும் இந்தியும் தெரிந்தவன் என்று அவ்வப்போது முகாம் வாசலுக்குக் கூப்பிடுவார்கள். அன்றும் அப்படித்தான். கையைத் துடைத்துக்கொண்டே போனேன். அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மகனின் புகைப்படமும் ஒரு சட்டையும். சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

“மூண்டு நாளாப் பிள்ளையைக் காணேல்லை தம்பி. காங்கேசன்துறைக்குப் போட்டு வாறன் எண்டு சைக்கிளில போனவன்.” யார் கூட்டிப்போனார்கள், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதிகாரியிடம் இந்தியில் சொன்னேன். அவர் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர், உட்கார நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட மொழியைக் கதைச்சுக்கொண்டு இந்த உடுப்பை எப்பிடித் தம்பி போட்டனீர்?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, “ஔர் குச்?” என்றார். வேறு ஏதாவது சொல்கிறாரா?

“நஹீ சார்.”

இவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் தன் கேள்வி இரண்டே சொல்லில் முடிந்துபோனது அவருக்கும் புரிந்திருக்கும். பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சொல்லியிருந்தால் அவருக்கு ஏதாவது சங்கடம் வந்திருக்கலாம், அவரைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதியாவது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரி அப்படிப்பட்டவர் இல்லை என்று சற்று முன்புதானே எழுதினேன்? அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “சரி, நீ என்ன பதில் சொல்லப்போகிறாய்?” என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்திருப்பேன். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது என்ன தோன்றியதோ.

அன்று இரவு கடிதத்தில் இப்படி எழுதினேன்: “இன்னைக்கு ஒரு அம்மாவப் பாத்தேன். அப்படியே நம்ம அத்தை ஜாடை. ‘தம்பி தம்பி’ன்னு பிரியமாப் பேசினாங்க. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்க மாதிரிதான், நீ கவலைப்படாதே.”

‘தம்பி’ என்று கூப்பிட்டது உண்மை. ஜாடையும் உண்மை. பொய் என்று எதைச் சொல்வது? அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பல் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

பதில் வந்தது. அவள் எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். “அங்கயும் ஒரு அத்தை இருக்காங்கன்னு தெரிஞ்சதும் நிம்மதியா இருக்கு. அந்த அம்மாவ நான் கேட்டதாச் சொல்லுங்க.” மாமாவும் ஓரத்தில் பென்சிலால் ‘நானும்’ என்று எழுதியிருந்தார். மாமா கடிதத்தில் கை வைத்தது அந்த ஒரு முறைதான்.

அந்த அம்மா மறுபடி வந்தாரா, தெரியாது. வாசலுக்குக் கூப்பிட்டால் இன்ஜின் வேலை இருக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கேட்டதாகச் சொல்லவும் இல்லை, மகன் கிடைத்தானா என்று விசாரிக்கவும் இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படையும் கப்பலேறிய செய்தியைப் பேப்பரில் படித்தபோது நான் வேறு ஸ்டேஷனில் இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவள் முதலில் கேட்டதே, “அந்த அம்மா என்ன ஆனாங்களோ?” என்றுதான். அப்படிக் கேட்ட பிறகு எங்கே சொல்வது?

சொல்லாமல் விட்ட கதை வீட்டில் வளர்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த அம்மா எனக்குத் தேநீர் கொடுத்தார். அப்புறம் ஒரு தீபாவளிக்குப் பலகாரமும் கொடுத்தார். நான் திருத்தவில்லை.

சில மாதம் முன்பு சென்னையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். பந்தியில் எங்களுக்கு எதிரே என் வயதில் ஒரு அம்மா. சொந்த ஊர் பலாலிப் பக்கம், தொண்ணூறில் வீட்டை விட்டு வெளிக்கிட்டது என்றார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என் மனைவிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

“எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாங்க. அங்க ஒரு அம்மா இவங்களப் பெத்த பிள்ள மாதிரி பாத்துக்கிட்டாங்களாம்!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிவெட்டு, உட்காரும் விதம், எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும் போலிருக்கிறது.

“ஓமோ? எந்த வருஷம்?”

“எண்பத்தெட்டு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பாயசக்காரரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார்.

“இவருக்கு விடுங்கோ.”