புகையிலையில் சம்பளம் வாங்கிய பாதிரியார்

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்களைப் பற்றிப் பேசும் நாளில், கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்று கட்டமாகப் பிரித்துவிடுவேன். பொருளாதாரம், சமயம், அன்றாட வாழ்க்கை. முதல் கட்டத்தில் வர்ஜீனியாவின் புகையிலை, தெற்கு கரோலினாவின் நெல், நியூ இங்கிலாந்தின் மீனும் கப்பலும். இரண்டாவதில் பியூரிட்டன்கள், குவேக்கர்கள், இங்கிலாந்துத் திருச்சபை. மூன்றாவதில் வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம். பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். விடைத்தாள் திருத்தவும் சுலபம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பில், கேட்கச் சுவாரசியமாக இருக்குமே என்று ஒரு தகவலைச் சொன்னேன். வர்ஜீனியாவில் பாதிரியாருக்குச் சம்பளம் காசாக இல்லை. 1696இல் வந்த சட்டப்படி வருடத்துக்கு 16,000 பவுண்டு எடை புகையிலை. முன் பெஞ்சுப் பையன் பேனாவோடு நிமிர்ந்தான். "டீச்சர், இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேறு சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். மாசசூசெட்ஸில் 1647இல் ஒரு சட்டம்: ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், வேதம் படிக்கத் தெரியாமல் யாரும் சாத்தானிடம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. அதே ஊர்களில் 1659 முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இவை சமயமா, பள்ளிக்கூடமா, காசா? எதுவும் நான் போட்ட கோட்டுக்குள் நிற்கவில்லை.

எங்கள் பள்ளி திண்டுக்கல் மாவட்டத்தில், புகையிலை விளையும் பக்கம். 16,000 பவுண்டு என்றால் ஏழு டன்னுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பெண், "ஏழு டன்னா? அது ஒரு ஆள் வேல இல்லையே டீச்சர்" என்றாள். நீயே சொல்லும்மா என்று முன்னால் வரச் சொன்னேன். நாற்று விடுவது, நடுவது, நுனி கிள்ளுவது, அப்புறம் பக்கத்தில் கிளம்பும் சிம்பை விடாமல் ஒடித்துக்கொண்டே இருப்பது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினாள். பிசின் ஒட்டி விரல் கறுத்துவிடும், சோப்புப் போட்டாலும் போகாது, அந்தக் கையால் சாப்பிட்டால் சோறு கசக்கும் என்றாள். வர்ஜீனியாவிலும் இதே வேலைதான். பதப்படுத்திய இலையைப் பெரிய மரப்பீப்பாய்களில் அழுத்தி அடைத்துக் கப்பலேற்றினார்கள்.

அந்தக் கைகள் யாருடையவை என்று அன்றைக்குத்தான் பொறுமையாகப் பேசினோம். தொடக்கத்தில் பெரும்பாலும் கப்பல் கூலிக்கு ஈடாக நான்கு முதல் ஏழு வருடம் உழைக்க ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்த ஏழை ஆங்கிலேயர்கள். 1619இலேயே ஆப்பிரிக்கர்களும் கொண்டுவரப்பட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாரம் பெரும்பாலும் அவர்கள்மேல் வந்துவிட்டது. திருச்சபைக்கான வரியையும் உழைக்கும் தலைகளை எண்ணித்தான் போட்டார்கள். பதினாறு வயதைத் தாண்டிய ஆண்கள் எல்லாரும் கணக்கு. பெண்களில் ஆங்கிலேயப் பெண்களை விட்டுவிட்டு அடிமைப் பெண்களைச் சேர்த்தார்கள். தோட்டக்காரர் அந்தக் கணக்குப்படி புகையிலையாகக் கட்டுவார். பாதிரியாரின் சம்பளம் அதிலிருந்துதான்.

பாடத்தை அவசரமாக முடிக்க முடியாமல் என்னை நிறுத்திவிடுபவர் வர்ஜீனியாவில் வாழ்ந்த எலிசபெத் கீ. தந்தை ஆங்கிலேயர், சட்டமன்றத்தில் இருந்தவர். தாய் ஆப்பிரிக்க அடிமை. தன்னை அடிமை என்று சொத்துக் கணக்கில் சேர்த்ததை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். என் தந்தை சுதந்திரமான ஆங்கிலேயர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், என் ஒப்பந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது என்பது அவர் வாதம். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஒப்பந்தப் பணியாளர். பிறகு அவரையே மணந்துகொண்டார். 1656இல் எலிசபெத்துக்கு விடுதலை கிடைத்தது.

சரி, நீதி இருந்திருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் மலர்ந்தது. அடுத்த இரண்டு சட்டங்களைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1662: குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது. 1667: ஞானஸ்நானம் பெற்றதால் அடிமையின் நிலை மாறாது. எலிசபெத் நுழைந்த இரண்டு கதவுகளும் பதினொரு வருடத்தில் அடைபட்டன. ஞானஸ்நானம் கொடுத்தால் ஆள் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் நீங்கினால், எஜமானர்கள் மதத்தைப் பரப்ப இன்னும் ஊக்கமாக இருப்பார்கள் என்று அந்தச் சட்டத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப ஞானஸ்நானம் குடுத்தவருக்கும் இவங்க வெளைய வச்ச இலையிலதான் டீச்சர் சம்பளம்?"

ஆமாம்மா என்றேன். 1758இல் மழை பொய்த்து இலை விலை பவுண்டுக்கு ஆறு பென்ஸ் வரை ஏறியதையும், இரண்டு பென்ஸ் கணக்கில் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் சொன்னதையும், பாதிரிமார்கள் வழக்குப் போட்டதையும், 1763இல், பிற்பாடு அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான வழக்கறிஞர் பேட்ரிக் ஹென்றி எதிர்த்து வாதாடியதில் ஒரு பாதிரியாருக்கு ஒரே ஒரு பென்னி மட்டும் நஷ்டஈடு கிடைத்ததையும் சொல்ல நினைத்திருந்தேன். பாடப்புத்தகத்தின் சுதந்திரப் போருக்கு அங்கிருந்து நேராகப் போய்விடலாம். அன்றைக்கு மனம் வரவில்லை, மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அதே பாடத்துக்கு வந்தபோது பலகையில் கோடு போடவில்லை. 1656, எலிசபெத் கீ என்று எழுதி, பக்கத்தில் தந்தை பெயர் தாமஸ் கீ, தாய் பெயர் என்று போட்டுவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்த ஒரு பையன் கை தூக்கினான். அவனுக்குப் பதில் சொல்வதிலிருந்து பாடத்தை ஆரம்பித்தேன்.